கிணற்றடியில் கேட்ட கேள்வி

(பழைய மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள், ஞாயிறு காலை ஆராதனையில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னிடம் பேசச் சொன்னபோது, "இருபது நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துவது எங்கள் வழக்கம். இன்றைக்கு அப்படிச் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

கொடுத்த தலைப்பு, மெய்யான ஆராதனை. இதைப்பற்றி என்ன பேசுவது என்று நினைத்துக்கொண்டே நேற்று சாயங்காலம் விடுதித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் ஆண்டு படிக்கிற தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், நாளைக்கு நீங்கதான பேசறீங்க? எனக்கு ஒரு சந்தேகம். எங்க ஊரு சபையில ரெண்டு கட்சி. ஒரு கட்சி பாமாலை, கீர்த்தனைதான் ஆராதனைங்குது. இன்னொரு கட்சி கிடார், கீபோர்டு, கை தட்டறது, அதுதான் ஆராதனைங்குது. எது சார் உண்மையான ஆராதனை?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். அவள் கேட்டது ஒரு கிணற்றடியில்.

யோவான் எழுதின சுவிசேஷம் நான்காம் அதிகாரம். கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கதையைச் சொல்லிவிடுகிறேன். நடுப்பகல். இயேசு நடந்த களைப்போடு யாக்கோபின் கிணற்றருகே உட்கார்ந்திருக்கிறார். சமாரியப் பெண் ஒருத்தி தண்ணீர் சேந்த வருகிறாள். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவளுக்கு ஆச்சரியம். யூதர்களுக்கும் சமாரியர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது, ஒருவர் பாத்திரத்தில் ஒருவர் குடிப்பதில்லை. நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டீக்கடையில் இரண்டு வகை டம்ளர் வைத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம்.

பேச்சு வளர்ந்தபோது அவள் ஒரு கேள்வி கேட்கிறாள். எங்கள் முன்னோர் இந்த மலையில் தொழுதார்கள், நீங்களோ எருசலேமில்தான் தொழவேண்டும் என்கிறீர்கள், எது சரி? இது சும்மா கேட்ட கேள்வி இல்லை. கெரிசீம் மலையில் சமாரியர்களுக்கு ஒரு கோயில் இருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் யூத அரசன் ஒருவன் படையோடு வந்து அதை இடித்துத் தள்ளினான். ஆராதனை செய்யும் இடத்துக்காக ரத்தம் சிந்திய இரண்டு சமூகங்களுக்கு நடுவில் நின்றுதான் அவள் கேட்கிறாள். இயேசு இந்த மலையும் அல்ல, எருசலேமும் அல்ல என்றார். ஆவியோடும் உண்மையோடும் தொழுகிறவர்களைப் பிதா தேடுகிறார் என்றார்.

எத்தனையோ பிரசங்கங்களில் கேட்ட விஷயம்தான். ஆனால் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. ஆராதனையைப்பற்றி இயேசு செய்த இந்தப் போதனையை அவர் ஆலயத்துக்குள் செய்யவில்லை. ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கமாட்டோம் என்றிருந்த இரண்டு பேர், ஒருவரிடம் ஒருவர் தண்ணீர் கேட்கிற இடத்தில் அதைச் செய்தார். முதலில் தண்ணீர் கேட்டார், பிறகுதான் ஆராதனையைப்பற்றிப் பேசினார். அந்த வரிசை முக்கியம்.

தமிழில் 'வழிபாடு' என்ற சொல் இருக்கிறது பாருங்கள். வழிபடுதல் என்றால் ஒருவர் போன வழியில் போவது, பின்பற்றுவது. கும்பிடுவது மட்டும் அல்ல. எபிரேய மொழியில் 'அவோதா' என்று ஒரு சொல் உண்டு. வயலில் செய்கிற வேலைக்கும் அதே சொல், ஆலயத்தில் செய்கிற ஆராதனைக்கும் அதே சொல். இந்த இரண்டையும் இரண்டாகப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, மற்ற ஆறு நாளுக்கு ஒன்று என்று பங்கு வைத்தவர்கள் நாம்தான்.

இன்னொரு விஷயத்தையும் சொல்கிறேன். மலைப்பிரசங்கத்தில் இயேசு ஒன்று சொல்கிறார். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயா நாட்டுக்காரர்கள். பலிபீடம் இருந்தது எருசலேமில். கலிலேயாவிலிருந்து எருசலேமுக்குப் போய்ச்சேர அன்றைக்குச் சுமார் மூன்று நாள் நடை. கணக்கு வாத்தியார் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போக மூன்று நாள், சகோதரனைப் பார்க்கத் திரும்பி வர மூன்று நாள், மறுபடி போக மூன்று நாள். ஒன்பது நாள் நடை! இயேசு அதைத் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்த ஒன்பது நாள் ஒன்பது வருஷம் ஆயிற்று. அதைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். என் மனைவி, "அதையெல்லாமா மேடையில சொல்லுவீங்க?" என்றாள். வேறு எதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது?

பாலக்கோட்டுப் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் மேட்டு நிலம், ஒரு கிணறு. அப்பா காலமான பிறகு அண்ணனுக்கு இரண்டு ஏக்கர், எனக்கு இரண்டு ஏக்கர். கிணறு பொது. இரண்டு நாள் அவர் முறை, இரண்டு நாள் என் முறை. என் பங்கை வாரத்துக்கு விட்டிருந்தேன். 1994 கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. அண்ணன் தக்காளி போட்டிருந்தார். செடி வாடுகிறது என்று என் முறை நாளில் ராத்திரி மோட்டாரைப் போட்டுவிட்டார். என் வாரக்காரர் வந்து சொன்னார். நான் நேரில் போய்க் கேட்கவில்லை. படித்தவன் அல்லவா? வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன்.

அவ்வளவுதான். பேச்சு நின்றது. கோர்ட்டில் வழக்கு நடந்தது. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் மகன் ஞானஸ்நானத்துக்கு அவர் வரவில்லை. இந்த ஒன்பது வருஷமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? எங்கள் சபையில் பாடகர் குழுத் தலைவன். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எது வந்தாலும் நான்தான் பாட்டுத் தெரிவு செய்வேன். சுருதி விலகினால் எனக்குப் பிடிக்காது. "கர்த்தருக்குப் படைக்கிறது பழுதில்லாம இருக்கணும்" என்று சின்னப் பிள்ளைகளைத் திட்டுவேன்.

2003ஆம் வருஷம் ஒரு திருவிருந்து ஞாயிறு. அன்றைக்கு ஐயர் வாசித்த பகுதி இதுதான், காணிக்கையை வைத்துவிட்டுப் போகிற பகுதி. எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்று ஏன் குத்தியது என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் எழுந்து பலிபீடத்தண்டை போகிறார்கள். என் முறை வந்தபோது என்னால் போகமுடியவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

அண்ணன் கொட்டகையில் மாட்டுக்குத் தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாடா, இன்னிக்கி கோயிலு இல்லியா?"

"இருக்குதுண்ணா. பாதியில வந்துட்டேன்."

"ஏன்?"

"உன்கிட்ட பேசாம அங்க நிக்க முடியல."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரிவாளைக் கீழே வைக்கவும் இல்லை. தட்டு முழுவதையும் நறுக்கி முடித்தார். ஒரு மணி நேரம் இருக்கும், அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "குடி. வெயில்ல வந்திருக்க" என்றார். அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். குடித்தேன்.

சினிமாவில் வருகிற மாதிரி எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். வழக்கை வாபஸ் வாங்க மேலும் ஒரு வருஷம் ஆனது. வரப்புத் தகராறு முழுசாகத் தீரவில்லை. அண்ணி இன்றைக்கும் என்னோடு அளவோடுதான் பேசுகிறார், அதற்கு அவருக்குக் காரணம் உண்டு. ஆனால் அண்ணனும் நானும் பேசினோம். கடைசிவரை பேசினோம். இப்போது நாங்கள் சண்டை போட்ட அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை. சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறு போட்டு எல்லாம் வற்றிவிட்டது. அண்ணனும் இல்லை. ஒன்பது வருஷத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

அண்ணன் தம்பி என்று சொல்லும்போது பக்கத்து ஊர் விஷயம் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் மாவட்டம் 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. அதற்கும் முன்னால், 1911 வரையில், திருப்பத்தூரும் நாமும் ஒரே சேலம் மாவட்டம்தான். அந்தத் திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் புரொட்டஸ்டன்ட் ஆசிரமங்களில் ஒன்று அது. தொடங்கியவர்கள் இரண்டு டாக்டர்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன், கம்பளி நூல் ஆலை வைத்திருந்த பெரிய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. கதர் உடுத்தி, கல்யாணம் செய்துகொள்ளாமல், ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். நம் ஊர்க் கோயில் பாணியில் கல்லால் ஒரு ஜெபாலயம் கட்டினார்கள்.

அவர்களை ஜனங்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மிஷன் நிறுவனங்களில்கூட வெள்ளையர் மேலே, இந்தியர் கீழே என்றிருந்த காலம். அந்தக் காலத்தில் தமிழர் மூத்தவர், வெள்ளைக்காரர் இளையவர். அந்த இரண்டு பெயரே ஓர் ஆராதனை என்று எனக்குத் தோன்றும். தன் இனம், தன் பணம், தன் நாட்டு அதிகாரம் எல்லாவற்றையும் பீடத்தின்மேல் வைத்துவிட்டு ஒரு மனிதர் தம்பியாக இருக்கச் சம்மதித்தார். நாம் கோயில் உண்டியலில் என்ன போட்டாலும் இதற்குச் சமமாகுமா?

சின்னண்ணனுக்கு அதன் விலையும் தெரியும். 1932இல் சென்னையில் அந்நியத் துணிக் கடைகளுக்கு முன்னால் மறியல் நடந்தபோது, கதர் உடுத்தி அங்கே நின்ற அவரைப் போலீசார் தடியால் அடித்து, சாயத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில்கூட அதைப்பற்றிக் கேள்வி எழுந்தது. அடித்தது அவருடைய சொந்த நாட்டு அரசாங்கத்தின் போலீஸ்.

ஆனால் அவர்களைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்துகொள்வது சுலபம். நம் மாவட்டத்துக்கு வருவோம். 2012 நவம்பர் 7ஆம் தேதி, நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். சாதி கடந்து நடந்த ஒரு கல்யாணத்தைக் காரணம் காட்டி, இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். அது நடந்தது புதன்கிழமை. அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் பொது ஜெபம் ஏறெடுக்கவேண்டியவன் நான். மழைக்காக ஜெபித்தேன். பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளுக்காக ஜெபித்தேன். நாட்டுத் தலைவர்களுக்காக ஜெபித்தேன். நத்தம் என்ற பெயர் என் வாயில் வரவில்லை. மறந்துபோகவில்லை. சபையில் இரண்டு பக்கத்து ஜனங்களும் இருக்கிறார்கள், எதற்கு வம்பு என்று பயந்தேன். பாட்டு அன்று நன்றாகத்தான் இருந்தது. சுருதி விலகவேயில்லை.

அண்ணனிடம் போய் நின்ற பிறகும், பத்து வருஷம்கூட ஆகவில்லை, அப்படி இருந்தேன். அதனால்தான் சொல்கிறேன், ஒரு தடவை மனம் திரும்பிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அதற்கடுத்த வாரம் நானும் இன்னும் இரண்டு பேரும் அரிசி, போர்வை கொண்டுபோனோம். கொண்டுபோனது பெரிய விஷயம் இல்லை. அங்கே ஒரு அம்மாள், எரிந்த சுவர் ஓரத்தில் உட்கார்ந்தபடி, "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டார். வீடு இல்லை, பாத்திரம் கரி. எனக்குத் தண்ணீர் கொடுக்கிறார். அன்றைக்குத்தான் அந்தச் சமாரியப் பெண்ணின் கிணற்றடி எனக்குப் புரிந்தது.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிவாரியாக உட்கார நடுவே சுவர் வைத்திருந்தார்கள். 1910இல் அதை இடித்தார்கள். கல் சுவரை இடிக்க ஒரு நாள் போதும். என் ஜெபத்துக்குள் இருந்த சுவரை நான் கட்டியது யாருக்கும் தெரியாது, அதனால் இடிக்கச் சொல்லவும் யாரும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா கோயிலுக்கே போகவேண்டாம், நல்லது செஞ்சா போதும்" என்று யாராவது சொல்லலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டும். பாட்டு வேண்டும், ஜெபம் வேண்டும். அந்த ஞாயிறு அந்த வசனத்தை வாசிக்காமல் இருந்திருந்தால் நான் டிவிஎஸ்ஸை எடுத்திருக்கமாட்டேன். பெரியண்ணனும் சின்னண்ணனும் ஆஸ்பத்திரியோடு நிறுத்தாமல் ஜெபாலயமும் கட்டினார்கள், அதை மறக்கக்கூடாது. ஊற்று இல்லாத கிணறு வற்றிப்போகும். அதே சமயம், ஊற்று இருந்தும் யாருக்கும் சேந்திக் கொடுக்காத கிணறு பாசி பிடித்துக் கெட்டுப்போகும். இரண்டும் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

நேற்று கேள்வி கேட்ட தம்பி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியவில்லை. தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. கீர்த்தனை பாடுங்கள், கிடாரும் வாசியுங்கள். ஆனால் உங்கள் சபையில் அந்த இரண்டு கட்சியும் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்கிறார்களா என்று பாருங்கள். குடிக்கவில்லை என்றால், எந்தப் பாட்டுப் பாடினாலும் ஆராதனை இன்னும் ஆரம்பிக்கவில்லை. முதலில் நீங்கள் போய்க் கேளுங்கள். கொடுப்பதைவிடக் கேட்பது கஷ்டம். இயேசு கேட்டார்.

கடைசியாக என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் படிப்பை முடித்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேற்றிலிருந்து கவனிக்கிறேன். எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறோம், போட்டோ எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இந்த ஹாலில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் விலகி விலகிப் போகிற இரண்டு மூன்று பேரையும் பார்த்தேன். விடுதித் தேர்தல் சண்டையோ, கடன் கொடுத்த விஷயமோ, சம்பந்தம் பேசி முறிந்துபோனதோ எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். இன்னும் அரைமணி நேரத்தில் சாப்பாட்டு மணி அடிக்கும். பந்தியில் உட்காரும்போது, உங்களோடு பேசாதவர் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே போய் உட்கார்ந்து, "அந்தத் தண்ணிச் சொம்பைக் கொஞ்சம் கொடுப்பா" என்று கேளுங்கள்.

இன்றைய ஆராதனை அங்கேதான் முடியவேண்டும். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.